பதினோரு விநாடித் தாலாட்டு

ஞாயிற்றுக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாழ்த்துகள் குவியத் தொடங்கும். பெரியப்பா பூங்கொத்துப் படம் அனுப்புவார். ஈப்போ அத்தை, "உன் பேரு ரொம்ப வேகமா ஓடிடுச்சு, படிக்கவே முடியல" என்று குறைபட்டுக்கொள்வார். அவர்களைப் பொறுத்தவரை என் வேலை அத்துடன் முடிந்தது. ஆனால் பதினாறு ஆண்டுகளாக, பிடித்தும் பிடிக்காமலும் நான் செய்துவரும் வேலை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இயங்கும் சிறிய தயாரிப்பு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். நியமனக் கடிதத்தில் என் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் வழங்கும் பெயர் "பாரம் அக்கா". பாரம் என்றால் இங்கே படிவம். அண்மையில் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, நான் கோப்புகளை விரித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒளிபரப்பானதுக்குப் பிறகு இன்னும் என்னக்கா எழுத இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையும், சொல்லத் தயங்கி விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு நிகழ்ச்சியை அலைவரிசைக்குத் தயாரித்துக் கொடுக்கும்போது படக்கோப்பு மட்டும் போய்ச் சேர்வதில்லை. அதனுடன் ஒரு தாள்கட்டும் போக வேண்டும். நிகழ்ச்சியில் ஒலித்த ஒவ்வொரு இசைத்துண்டின் விவரத்தைத் தாங்கிய கியூ ஷீட், நேரக்குறியுடன் கூடிய முழு உரையாடல் பிரதி, திரையில் தோன்றிய ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட சம்மதப் பாரங்கள், பழைய புகைப்படங்களுக்கும் காட்சிகளுக்கும் பெற்ற அனுமதிக் கடிதங்கள், நிறைவுப் பெயர்ப்பட்டியல், படப்பிடிப்புக்கு முன் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ் வழங்கிய சான்றிதழின் நகல், கடைசியாகச் செலவுக் கணக்கு ஆகியவை அந்தக் கட்டில் இருக்கும். எங்கள் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் தயாரிப்புத் தொகையின் ஐந்தில் ஒரு பங்கு, இந்தக் கட்டு ஏற்கப்பட்ட பிறகுதான் கைக்கு வரும். அந்தக் கடைசித் தவணையில்தான் ஒரு சிறு நிறுவனத்தின் இலாபம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியில் சொல்வதில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாம் கொடுத்த நிகழ்ச்சியும் ஒளிபரப்பான நிகழ்ச்சியும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான். அரைமணி நேர இடத்துக்கு நாங்கள் கொடுப்பது இருபத்திரண்டு நிமிடச் சொச்சம். அதிலும் ஒரு கடையின் பெயர்ப்பலகை விளம்பரதாரரின் போட்டி நிறுவனத்துடையதாக இருந்தால் அந்தக் காட்சி போகும். நேரடி அறிவிப்பு ஒன்று குறுக்கிட்டால் நிறைவுப் பெயர்ப்பட்டியல் சுருங்கும். ஒரு முறை எங்கள் பகுதியிலிருந்து பத்தொன்பது விநாடிகள் வெட்டப்பட்டன. அந்தப் பத்தொன்பது விநாடிகளுக்கும் அடியில் ஒரு வீணை இசை ஓடிக்கொண்டிருந்ததால் அதன் கணக்கும் குறைந்தது. எனவே ஒளிபரப்பை நான் வீட்டில் சோபாவில் சாய்ந்து பார்ப்பதில்லை. கையில் தாளும் பென்சிலுமாக, எது போனது, எது தங்கியது என்று குறித்தபடியே பார்க்கிறேன். என் கணவர் ஒரு நாள், "உன்னோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது சோதனைச்சாவடியில் நிற்பது மாதிரி இருக்கிறது" என்றார். மறுப்பதற்கில்லை.

இந்தக் கட்டில் ஏனைய தாள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கியூ ஷீட்டைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

படத்தொகுப்பு அறையில் நிகழ்ச்சியின் முதல் படச்சட்டம் 10:00:00:00 என்ற நேரக்குறியில் தொடங்கும். மணி, நிமிடம், விநாடி, அதற்கப்பால் விநாடிக்கு இருபத்தைந்தாகப் படச்சட்டங்கள். 10:07:14:05 என்ற இடத்தில் ஒரு புல்லாங்குழல் உள்ளே நுழைகிறது. 10:07:52:18இல் ஒரு தோட்டத்து மூதாட்டியின் குரலுக்கு அடியில் கரைந்து மறைகிறது. ஆக முப்பத்தெட்டரை விநாடிகள். தாளில் அதற்கு ஒரு வரி. அந்த வரியில் இசைத்துண்டின் பெயர், இயற்றியவர், பாடலாயின் எழுதியவர், வெளியீட்டாளர், ஒலிப்பதிவின் உரிமையாளர், ஒலித்த நேரம், பயன்பட்ட வகை ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். பின்னணியில் ஒலித்ததா, திரையில் ஒருவர் பாடுவதாகவோ வாசிப்பதாகவோ தெரிந்ததா, தொடக்க இசையா, நிறைவு இசையா என்பதைப் பொறுத்து வகை மாறும். வகை மாறினால் அந்தத் துண்டுக்குச் சேரும் தொகையும் மாறக்கூடும். வாடகை இசைக் களஞ்சியத்திலிருந்து எடுத்த துண்டாக இருந்தால் களஞ்சியத்தின் பெயரும் துண்டின் எண்ணும் வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு: ஒரே இசைக்கு முழு வடிவம், அறுபது விநாடி வடிவம், தாளம் நீக்கிய வடிவம் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும், தொகுப்பாளர் தம்பி அவசரத்தில் அந்தக் கோப்புக்கு "சோகம் 3 இறுதி புதுசு" என்று பெயர் மாற்றி வைத்திருப்பார். மூன்று வாரம் கழித்து அந்தச் "சோகம் 3" எதிலிருந்து வந்தது என்று கேட்டால், சோகம் நம்முடையதாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் பணம்தான். ஒளிபரப்பு நிலையங்கள் இசைக்கான உரிமக் கட்டணத்தை எம்.ஏ.சி.பி.க்குச் செலுத்துகின்றன. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள், வெளியீட்டாளர்கள் ஆகியோரின் சார்பில் பணம் திரட்டிப் பகிர்ந்தளிப்பதற்காக 1989இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. திரட்டியதை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று இந்தத் தாள்தான். நான் ஒரு பெயரை விட்டுவிட்டால், அந்தப் பெயருக்கு உரியவருக்கு அது தெரியவே போவதில்லை. கிள்ளானில் ஒரு வீட்டு அறையில் விசைப்பலகையை வைத்துக்கொண்டு எங்கள் தொடருக்குத் தொடக்க இசை அமைத்துத் தந்தவருக்கு நாங்கள் கொடுத்த சம்பளம் ஒரு முறைதான். அவருடைய இசை ஒவ்வொரு வாரமும் இருபது விநாடி ஒலித்து, மறு ஒளிபரப்பிலும் ஒலித்து, அதற்கெல்லாம் சேர்த்து ஒரு தொகை பின்னர் அவரைத் தேடிப் போவது என் ஒரு வரியால்தான்.

இனித் தாலாட்டுக்கு வருகிறேன்.

பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் பதின்மூன்று பகுதித் தொடர் ஒன்றை எடுத்தோம். கோல சிலாங்கூர்ப் பக்கம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் ஊரைவிட்டுப் போகாத எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகுமுன் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கேட்காமலேயே ஒரு தாலாட்டைப் பாடினார். இரண்டு அடிகள்தாம். பதினோரு விநாடி. ஒளிப்பதிவாளர் கருவியை அணைக்காமல் அப்படியே நின்றார். அந்தப் பகுதியின் உயிரே அந்த இடம்தான் என்று எல்லாரும் சொன்னோம். தாளில் நான் எழுதியது: "தாலாட்டு, நாட்டுப்புறப் பாடல், இயற்றியவர்: மரபு." எழுதும்போது எனக்கு ஒரு நொடியும் ஐயம் எழவில்லை. தோட்டத்துப் பாட்டி பாடும் தாலாட்டு வேறு என்னவாக இருக்க முடியும்?

தொடர் முழுவதும் ஒளிபரப்பாகிக் கட்டை ஒப்படைத்து ஒரு மாதம் கழிந்த பிறகு அலைவரிசையிலிருந்து அழைப்பு வந்தது. தாள்களைச் சரிபார்ப்பவர் ஒரு மலாய் அம்மையார். நாங்கள் எல்லாரும் அவரை "காக்", அதாவது அக்கா என்றுதான் அழைப்போம். சிறு வயதில் அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு உட்கார்ந்து தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். ஐந்தாம் பகுதியில் பாட்டி பாடுவது படப் பாட்டு போல் இருக்கிறதே, மரபு என்று எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாலாட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்றுதான் தோன்றியது. அன்றிரவு அந்தத் துண்டைக் கைப்பேசியில் எடுத்துப் போய் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "இது படப் பாட்டுடி. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கப்ப தோட்டத்துல திரை கட்டிப் போட்ட படம்" என்று சொல்லி, பாட்டி விட்ட இடத்திலிருந்து அடுத்த இரண்டு அடிகளையும் பாடிவிட்டார்.

அந்தப் பாட்டி பொய் சொல்லவில்லை. தம் பிள்ளைகளுக்கு அவர் பாடியது அதைத்தான். படம் பார்த்துவிட்டு வந்து, வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி, இராகத்தை இழுத்து, அறுபது ஆண்டுகள் பாடித் தம்முடையதாக்கிக்கொண்டார். நாட்டுப்புறவியல் பேராசிரியர் ஒருவருக்கு அது விருந்தாக இருக்கலாம். கியூ ஷீட்டில் அதற்கு இடமில்லை. பாடலை எழுதியவர் மறைந்து ஐம்பது ஆண்டு நிறையவில்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பாட்டி தம் குரலில் பாடியதால் பழைய ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் போக வேண்டியதில்லை என்பது ஒரு சிறு ஆறுதல். வரிக்கும் மெட்டுக்கும் உரியவர்களைக் கண்டுபிடித்து, அனுமதி பெற்று, தாளைத் திருத்தி, பதின்மூன்று பகுதிகளின் கட்டையும் மறுபடி ஒப்படைத்து முடிப்பதற்குள் நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. கடைசித் தவணையும் அதுவரை நின்றுபோனது. அந்த நான்கு மாதங்களும் முதலாளி என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை; ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மேசைக்கு முன் வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அதற்குப் பிறகு "மரபு" என்ற சொல்லை எழுதுமுன் நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது. தமிழ் நிகழ்ச்சிகளில் இந்த மூன்றும் ஒன்றாகப் போவது அரிது. ஞானசம்பந்தரின் தேவாரம் ஏழாம் நூற்றாண்டுக்கு உரியது. அதன் சொற்களுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஓதுவார் ஒருவர் கோயிலில் பண்ணோடு பாடினால் மரபு என்று எழுதலாம். அதே பதிகத்துக்குச் செந்தூலில் ஓர் இளைஞர் புதிதாக மெட்டமைத்துக் கிதாருடன் பாடியிருந்தால், இசை என்ற கட்டத்தில் அந்த இளைஞரின் பெயர் வரவேண்டும். பாரதியார் 1921இல் மறைந்தவர். அவர் எழுத்துகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. அதனால் பாரதி பாட்டு என்றாலே இலவசம் என்று நம் படைப்பாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். திரைப்படத்தில் கேட்டுப் பழகிய மெட்டில் பாடினால் அந்த மெட்டு ஓர் இசையமைப்பாளருடையது என்பதை அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார்; ஆகவே 2031 முடியும் வரை அவர் வரிகளுக்கு இங்கே உரிமை உண்டு. இந்த ஆண்டுகளை எல்லாம் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் திதிப் பட்டியல் என்று நினைக்கிறார்கள். ஒரு வகையில் அதுதான்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையாள அட்டையில் ஒரு பெயர், மேடையில் ஒரு பெயர், நிறைவுப் பட்டியலில் ஒரு பெயர் என்று நம் கலைஞர்களுக்கு மூன்று பெயர்கள். தந்தை பெயருக்கு முன் வரும் அ/லெ (மகன்), அ/பெ (மகள்) என்ற மலாய்ச் சுருக்கம் சிலருக்குப் பெயரின் பகுதியாகவே தாளில் ஏறிவிடுகிறது. செல்வம் என்ற ஒரே பெயரை உரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள். உரிமை அமைப்பின் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலும் என் தாளில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தொகை உரியவர் தெரியாத கணக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதற்காகத்தான் உலக அளவில் உரிமை அமைப்பில் சேர்ந்த ஒவ்வொரு படைப்பாளருக்கும் ஐ.பி.ஐ. என்ற பதினொரு இலக்க எண் வழங்கப்படுகிறது; பெயர் எப்படி எழுதப்பட்டாலும் எண் மாறாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே அந்த எண்ணையும் வாங்கிவிடுகிறேன். "எனக்கு அப்படி ஒரு எண் இல்லையே" என்று சொல்பவர்களை உட்கார வைத்து, உறுப்பினராகச் சேர்வதற்கான பாரத்தை நீட்டுகிறேன். என் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

சம்மதப் பாரம் எளிது. ஆனால் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிடக் கூடாது. தாலாட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாரத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துச் சொல்லி, பேத்தியைச் சாட்சியாக வைத்து, கட்டை விரல் ரேகை வாங்கினோம். மை துடைக்கத் துணி நீட்டியபோது, "சம்பளத்துக்கு வச்ச கை, இதுக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

செலவுக் கணக்கில் ஓர் எச்சரிக்கை மட்டும்: எண்ணெய் நிலைய இரசீதும் உணவகச் சீட்டும் வெப்பத்தாளில் அச்சாகின்றன, நம் ஊர் வெயிலில் காரின் முன்பக்கம் கிடந்தால் வெள்ளைத்தாளாகிவிடும். வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அன்றன்றே நகலெடுத்து விடுங்கள். தமிழகத்திலிருந்து பாடகரை வரவழைத்தால் அவர் ஊதியத்தில் 15 விழுக்காட்டு வரிப் பிடித்தமும், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான புஸ்பால் வழியான அனுமதியும் இருக்கின்றன. அவை முன்கூட்டியே முடிய வேண்டியவை. இறுதிக் கட்டில் அவற்றின் நகல் இருந்தால் போதும்.

பயிற்சி மாணவி, இதெல்லாம் நம் நாட்டில் மட்டும்தானா என்றும் கேட்டாள். பிபிசியில் இதே தாளுக்கு "புரோகிராம் ஆஸ் பிராட்காஸ்ட்", அதாவது ஒளிபரப்பானபடி நிகழ்ச்சி என்றே பெயர். அங்கே பழைய தாள்கள் ரெடிங் நகரத்துக்கு அருகில் கேவர்ஷம் என்ற இடத்தில் உள்ள எழுத்தாவணக் காப்பகத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நாடா விலை அதிகம் என்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எத்தனையோ நிகழ்ச்சிகளை அவர்களே அழித்து, அதன்மேல் வேறு பதிவு செய்துவிட்டார்கள். எந்த நாளில் யார் வந்தார், எது ஒலித்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் அந்தத் தாள்களிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அதைச் சொல்லும்போது, மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாடிப்படி ஏறி வந்த ஒரு பெரியவரின் நினைவு வந்தது. எழுபதுகளில் தொலைக்காட்சியில் பாடியவராம். கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு சான்று வேண்டும் என்றார். எங்கள் நிறுவனம் அப்போது பிறக்கவே இல்லை என்பதைச் சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. அவர் பையில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதில் ஒலிவாங்கி அவர் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. தேநீர் கொடுத்து, தெரிந்த இரண்டு இடங்களின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். கிடைத்ததா என்று தெரியாது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். தாளை ஒளிபரப்புக்குப் பிறகு தொடங்குவதில்லை. தொகுப்பு மேசையில் ஒரு நோட்டுப்புத்தகம் கட்டித் தொங்குகிறது. எந்த இசையை யார் உள்ளே இழுத்துப் போட்டாலும், போட்டவரே அதன் எண்ணையும் மூலத்தையும் அதில் எழுதிவிட வேண்டும். எழுதாத துண்டுக்கு இறுதி வடிவம் வெளியே போகாது. தொகுப்பாளர் தம்பி இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவரே படத்தை நிறுத்திவிட்டு, "அக்கா, பாட்டு" என்று குரல் கொடுக்கிறார்.

நேற்று மாலையும் கொடுத்தார். பத்துமலையில் தைப்பூசத்தன்று எடுத்த காட்சி. காவடிக்கு முன்னால் உறுமி மேளம். அதற்குப் பின்னால், எங்கோ ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஒலிபெருக்கியிலிருந்து ஒன்பது விநாடிக்கு ஒரு பெண் குரல். தற்செயலாகப் பதிவில் சேர்ந்துவிட்ட படைப்புக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனாலும் காக் கேட்பார், நான் எழுதித்தான் ஆக வேண்டும். மேளத்தின் ஓசையைக் குறைத்து ஐந்து முறை கேட்டோம். பக்திப் பாட்டா, படப் பாட்டா என்று இருவருக்கும் தெரியவில்லை. துண்டை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக்குறி விழுந்துவிட்டது. இன்னும் பதில் இல்லை.